மிச்சம் வைக்காத வாரம்

ஜூலை மாத ஊழியர் கூட்டத்தில் என் வயிற்றைப் பற்றி வெகு நேரம் விவாதம் நடந்தது. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பேசியவர்களில் ஒருவர்கூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். ஜப்பானில் எங்கள் தொடக்கப்பள்ளியில் வருடத்தில் ஒரு வாரம், மதியச் சாப்பாட்டை எந்த வகுப்பு மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறது என்று போட்டி. திங்கள் முதல் வெள்ளி வரை, வகுப்புகளிலிருந்து திரும்பி வரும் பாத்திரங்களைச் சமையலறையில் தராசில் வைத்து எடை போடுவார்கள். நான் ஆங்கில டீச்சர். எந்த வகுப்புக்கும் சொந்தமில்லாதவள் என்பதால் தினம் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகளோடு சாப்பிடுவேன். பிலிப்பைன்ஸில் கூடப்பிறந்தவர்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவள். பாத்திரத்தில் மீந்திருப்பதை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்கும் பழக்கம் எனக்கு வரவே இல்லை. போன வருடம் நான் எந்த வகுப்பில் சாப்பிட்டேனோ அந்த வகுப்புப் பாத்திரம் அன்றைக்குத் துடைத்து வைத்த மாதிரி திரும்பியது. ஐந்தாம் வகுப்பு தக்கேயி டீச்சர் அதை மறக்கவில்லை.

"ரோசா டீச்சரை நான் குறை சொல்லல," என்று ஆரம்பித்தார். இந்த நாட்டில் ஒருவர் அப்படி ஆரம்பித்தால் குறை வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். "ஆனா அவங்க ஒருத்தரே மூணு பேர் சாப்பாடு சாப்பிடறாங்க. அப்ப அது பிள்ளைங்க திறமையா, அவங்க திறமையா?"

துணைத் தலைமை ஆசிரியர் ஒகாபே சார் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். நான்காம் வகுப்பு இரண்டாம் பிரிவின் ஹிராசே சார், வேலைக்கு வந்து இரண்டே வருடமான பையன், எனக்காகப் பேச வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டார். கடைசியில் தீர்ப்பு வந்தது. போட்டி வாரத்தில் ஆங்கில டீச்சருக்கு ஒரு பங்குதான். மறுபடி வாங்கிக்கொள்ளக் கூடாது.

எனக்கு வருத்தமில்லை. பதினோரு வருடமாக இந்தப் பள்ளிக்கூடங்களில் அலைகிறேன், என்னைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாரும் பேசியதில்லை.

எனக்கு இன்னொரு விதியும் உண்டு. பிள்ளைகளிடம் ஜப்பானிய மொழி பேசக் கூடாது, தெரிந்த மாதிரியும் காட்டிக்கொள்ளக் கூடாது. அப்போதுதான் ஆங்கிலம் பேச முயல்வார்களாம். சாயங்காலம் அதே பிள்ளைகளின் அம்மாக்களோடு கடையில் நின்று முட்டைக்கோஸ் விலையைப் பற்றிப் புலம்புவேன். பிள்ளைகள் பக்கத்தில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள். மறுநாள் காலையில் நான் தெரியாத மாதிரி நடிப்பேன், அவர்கள் நம்புகிற மாதிரி நடிப்பார்கள். யாருக்கும் சங்கடமில்லை. அதனால் பள்ளியின் எல்லா ரகசியமும் என் முன்னாலேயே பேசப்படும், ஏதோ நான் ஒரு பீரோ என்பது போல.

அப்படித்தான் திங்கட்கிழமை, பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து பள்ளியைச் சுத்தம் செய்யும் துப்புரவு நேரத்தில், வராந்தாவில் குந்தித் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது, நான்காம் வகுப்பு இரண்டாம் பிரிவின் சதித்திட்டம் என் காதில் விழுந்தது.

தலைவி ஹோனோகா. மதியச் சாப்பாட்டுக்குப் பொறுப்பான மாணவி. பத்து வயதில் மாமியார் அதிகாரம். தரையைத் துடைக்கிற சாக்கில் நாலைந்து பேரைச் சுற்றி உட்கார வைத்திருந்தாள்.

"மினோரி இந்த மாசக் கடைசியோட போறா. அவ அப்பாவுக்கு ஹொக்கைடோக்கு மாத்தலாயிடுச்சு," என்றாள். "அங்க பள்ளிக்கூடத்துல பொரிச்ச பன்னே போட மாட்டாங்களாம்."

"யாரு சொன்னா?" என்று கேட்டான் கொத்தாரோ. வகுப்பிலேயே குண்டுப் பையன், எதையும் நம்பாதவன்.

"எங்க மாமா அங்கதான் இருக்காரு. அவருக்குத் தெரியாதா? சும்மா கேளு. இந்த வாரம் நாம ஜெயிச்சா, கடைசி வியாழக்கிழமை ரொட்டிய எப்படிக் குடுக்கணும்னு நாமதான் சொல்லலாம். பொரிச்ச பன் கேப்போம். மினோரிக்கு அது உசுரு. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

பொரித்த பன் என்றால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் திருவிழா. நீள ரொட்டியை எண்ணெயில் பொரித்து, சுடச்சுட சர்க்கரையிலும் வறுத்த சோயா மாவிலும் புரட்டித் தருவார்கள். யாராவது லீவு போட்டு ஒன்று மிஞ்சினால், வேண்டும் என்பவர்கள் எழுந்து நின்று ஜான்கென் போட்டு ஜெயிக்க வேண்டும். ஜான்கென் தெரியும்தானே, கையால் கல், கத்தரி, காகிதம் காட்டும் ஆட்டம்; கத்தரியைக் கல் வெல்லும், காகிதத்தைக் கத்தரி, கல்லைக் காகிதம். இந்த நாட்டில் பாதி வழக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

"தோத்தா?" என்றான் ஒருவன்.

"தோத்தா தக்கேயி டீச்சர் கிளாஸ் ஜெயிக்கும். போன வருஷம் ஜெயிச்சு என்ன கேட்டாங்க? தவிட்டு ரொட்டி."

எல்லோரும் தவிட்டு ரொட்டியை நினைத்துத் தரையை இன்னும் பலமாகத் தேய்த்தார்கள்.

"மினோரிகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது," என்றாள் ஹோனோகா. "அன்னிக்குத் தட்டுல பார்த்துத்தான் தெரியணும்."

"நீ வெள்ளிக்கிழமை மெனு பார்த்தியா?" என்றான் கொத்தாரோ. "பாகற்காய்."

அந்தப் பாகற்காய் வெளியாள் இல்லை. கோடையில் வெயில் உள்ளே வராமலிருக்க ஜன்னலுக்கு வெளியே வலை கட்டிக் கொடி ஏற்றியிருந்தோம். நட்டது இந்த வகுப்பு, தினமும் தண்ணீர் ஊற்றியது இந்த வகுப்பு. முதல் காய்ப்பு கொழுகொழுவென்று தொங்கியது. அதைப் பறித்து, சோயாக் கட்டியும் முட்டையும் போட்டு வதக்கி வெள்ளிக்கிழமை தருவதாகச் சமையலறையில் முடிவு செய்திருந்தார்கள்.

"நாமளே வளர்த்து நாமளே மாட்டிக்கிட்டோம்," என்றான் கொத்தாரோ. மற்றவர்கள் துணியைப் பிழிந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அந்த வகுப்பில் எனக்குப் பாடம். பிடிக்கும், பிடிக்காது என்று சொல்லப் பழகும் பாடம். இந்த ஊரில் ஒருவர் இன்னொருவர் முகத்துக்கு நேரே "எனக்குப் பிடிக்காது" என்று சொல்லக்கூடிய ஒரே இடம் என் வகுப்புதான் என்று நினைக்கிறேன். தங்கள் மொழியில் சொல்ல வேண்டுமென்றால் "கொஞ்சம்..." என்று இழுத்துத் தலையைச் சாய்ப்பார்கள். மீதியைக் கேட்கிறவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். என் வகுப்பில் அந்த ஜோலியே கிடையாது. பட்டென்று சொன்னால் ஸ்டிக்கர்கூட உண்டு.

மதியச் சாப்பாட்டுப் பண்டங்களை நானே அட்டையில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மினோரி என் மேசைக்கு வந்தாள். ஒல்லியான பெண். போன வருடம் நடுவில் வந்து சேர்ந்தவள். அப்பாவின் வேலையால் இது அவளுக்கு மூன்றாவது பள்ளிக்கூடம். அட்டைகளைப் புரட்டி, பொரித்த பன் படத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எனக்கு இது பிடிக்காது," என்றாள், ஆங்கிலத்தில், ஒரு பிழையில்லாமல்.

நான் சிரித்தேன். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. வயிற்றில் கை வைத்து முகத்தைச் சுளித்துக் காட்டினாள். எண்ணெய், சர்க்கரை, இரண்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் ரகசியம் பேசிக்கொண்டிருந்த ஹோனோகா கூட்டத்தைக் கண்ணால் காட்டினாள். "எல்லாரும். நல்லவங்க," என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள். "அதனால். ரகசியம்."

சுண்டுவிரலை நீட்டினாள். நானும் என் சுண்டுவிரலைக் கோர்த்தேன். இங்கே அது சத்தியத்துக்குச் சமம். கோர்த்த பிறகுதான் என்ன காரியம் செய்தோம் என்று உறைத்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ஆசிரியர் அறையில் ஹிராசே சாரிடம் போய் நின்றேன். வாக்கைக் காப்பாற்ற வேண்டும், விஷயத்தையும் சொல்ல வேண்டும்.

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் சார். மினோரிக்கு அந்தப் பன் பிடிக்காம இருந்தா?"

"வாய்ப்பே இல்லைங்க. அவ வந்த நாள்லேர்ந்து பாக்கறேன். பன் மிஞ்சினா ஜான்கென்னுக்கு மொதல்ல எழுந்து நிக்கறது அவதான்."

"எதுக்கும் அவகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டா என்ன?"

"கேட்டா ஆச்சரியம் போயிடுமே ரோசா டீச்சர்."

"கேக்காம செஞ்சு தப்பாப் போச்சுன்னா?"

அவர் தலையைச் சாய்த்தார். "கேக்காமலே புரிஞ்சுக்கிட்டுச் செய்யறதுதானே பிரியம்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருடத்தில் இந்த ஒன்றுக்கு மட்டும் நான் பழகவில்லை. ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துபோகிற காரியத்துக்கு முப்பது பேர் ஒரு வாரம் வயிற்றைக் கட்டிக்கொண்டு, இல்லை, வயிற்றை நிரப்பிக்கொண்டு பாடுபடுவார்கள். யாருக்காகப் பாடுபடுகிறார்களோ அவளும் வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. புதன்கிழமை கடல்பாசி வறுவல், வியாழக்கிழமை தலையோடு பொரித்த குட்டி மீன். சாதாரண நாளில் பாதித் தட்டு திரும்பிப் போகும். இரண்டு நாளும் இந்த வகுப்புப் பாத்திரம் பளபளவென்று திரும்பியது. மீனின் கண்ணைப் பார்த்து அழுத ஒரு பெண், தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு வாலிலிருந்து சாப்பிட்டாளாம்.

வியாழக்கிழமை முடிவில் பள்ளியிலேயே இரண்டு வகுப்புகள்தான் பூஜ்யத்தில் நின்றன. இவர்கள், அப்புறம் தக்கேயி டீச்சர் வகுப்பு.

வெள்ளிக்கிழமை என் முறை இந்த வகுப்பில். மேசைகளை நாலைந்தாகச் சேர்த்துப் போட்டு உட்காருவோம். எனக்கு மினோரி, கொத்தாரோ இருந்த குழுவில் இடம். பரிமாறும் பிள்ளைகள் வெள்ளைத் தொப்பியும் அங்கியும் போட்டுக்கொண்டு கரண்டியோடு நின்றார்கள்.

சாப்பிட ஆரம்பிக்கும் முன், முடியாது என்று தோன்றுகிறவர்கள் தட்டிலிருந்து கொஞ்சத்தைத் திரும்பப் பாத்திரத்தில் போடலாம். அது எல்லோருக்கும் உள்ள உரிமை. சாப்பிட ஆரம்பித்த பிறகு முடியாது. பாகற்காயைக் குறைக்க முக்கால்வாசி வகுப்பு வரிசையில் நின்றது. கொடுத்ததெல்லாம் திரும்பி வந்தால் பாத்திரம் மறுபடி நிறைந்துவிடும். ஹோனோகா கரண்டியைப் பிடித்தபடி அவர்களைப் பார்த்தாள்.

"குறைக்காதீங்கன்னு நான் சொல்லல," என்றாள், தக்கேயி டீச்சருக்கு வாரிசு மாதிரி. "ஆனா குறைச்சவங்க பேரு எனக்கு ஞாபகம் இருக்கும்."

வரிசை மெல்லக் கலைந்தது.

என் கஷ்டத்தை நான் யாரிடம் சொல்வேன்? பாகற்காயும் முட்டையும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. என் பங்கு நாலு வாயில் தீர்ந்துவிட்டது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பாத்திரத்தில் அது மணத்துக்கொண்டு கிடக்கிறது, வகுப்பே அதைக் கண்டு நடுங்குகிறது, எனக்கு மட்டும் நாக்கில் நீர் ஊறுகிறது, ஒரு கரண்டி போட்டுக்கொள்ள எனக்கு அனுமதி இல்லை. தக்கேயி டீச்சரை அன்றைக்கு மனதுக்குள் நான் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

கொத்தாரோ தன் பங்கை மாத்திரை மாதிரி விழுங்கினான். ஒரு துண்டு, ஒரு மடக்குப் பால். இன்னொரு துண்டு, இன்னொரு மடக்கு. முடித்துவிட்டு எழுந்துபோய் இன்னும் ஒரு கரண்டி வாங்கி வந்தான். பால் தீர்ந்துபோயிருந்தது. கண்ணில் தண்ணீரோடு மென்றான். இப்படியே ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். பாத்திரம் காலியானது. தட்டுகளும் காலியாயின.

மினோரியின் தட்டைத் தவிர.

அவள் குறைக்கவே போகவில்லை. முழுப் பங்கு வாங்கியிருந்தாள். சோறு, சூப், பால் எல்லாம் முடித்துவிட்டாள். பாகற்காய் அப்படியே குவிந்திருந்தது. பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வண்டி கீழே சமையலறைக்குப் போக இன்னும் கொஞ்ச நேரம்தான். சாப்பிடு என்று இப்போதெல்லாம் எந்த ஆசிரியரும் வற்புறுத்தக் கூடாது, அது விதி. ஹிராசே சார் ஜன்னல் கொடிக்கு வெளியே எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காகச் சாப்பிட வேண்டும் என்று பிள்ளைகளும் சொல்ல முடியாது, அது ரகசியம். ஆகவே வகுப்பே அவளைப் பார்க்காமல் பார்த்தது. ஒருவன் காலியான பால் டப்பாவை மறுபடி மறுபடி உறிஞ்சினான். ஹோனோகா கரும்பலகையைத் துடைத்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

எனக்கு மட்டும் முழுக் கதையும் தெரியும். அவள் "போதும்" என்று தட்டை நீட்டினால் யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். பாகற்காயிலிருந்தும் தப்பலாம், அந்தப் பன்னிலிருந்தும் தப்பலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நான் அவள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன், அவளும் அதைத்தான் செய்ய வேண்டும் என்று விரும்பினேன். அப்புறம் கொத்தாரோவின் முகத்தைப் பார்த்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, அவள் சாப்பிடும் குச்சிகளையே பார்த்தபடி, பிரார்த்தனை செய்கிறவனைப் போல உட்கார்ந்திருந்தான். எனக்கு எது வேண்டும் என்றே தெரியாமல் போய்விட்டது.

மினோரி குச்சிகளை எடுத்தாள். ஒரு துண்டை வாயில் போட்டாள். விழுங்கவில்லை, மென்றாள். அடுத்தது. அடுத்தது. மூக்கு நுனி சிவந்தது. நடுவில் ஒரு தடவை நிறுத்திக் கையால் வாயை மூடிக்கொண்டாள். நானும் மூச்சை நிறுத்திக்கொண்டேன். கடைசித் துண்டும் உள்ளே போனதும் தட்டைச் சாய்த்து, ஒட்டியிருந்த முட்டையையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கைகூப்பினாள்.

யாரும் கைதட்டவில்லை. தட்டினால் ரகசியம் உடைந்துவிடும். கொத்தாரோ மட்டும் தேவையில்லாமல் பலமாக இருமினான்.

மத்தியானம் ஒலிபெருக்கியில் முடிவு சொன்னார்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரு கைப்பிடி பாகற்காய் மிஞ்சிவிட்டதாம். மேல்மாடியில் ஹோனோகா வகுப்பு போட்ட கூச்சல் ஆசிரியர் அறைவரை கேட்டது. தக்கேயி டீச்சர் எழுந்து வந்து ஹிராசே சாருக்குக் குனிந்து வாழ்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் வந்து, "நீங்க உண்மையிலேயே ஒரு பங்குதான் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பாவம்," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மன்னித்தேன்.

கடைசி வியாழக்கிழமை வந்தது. காலையிலிருந்தே பள்ளிக்கூடம் முழுக்க எண்ணெயும் சர்க்கரையும் மணத்தது. எனக்கு அன்று வேறு வகுப்பில் சாப்பாடு. ஒகாபே சாரிடம் சொல்லி மாற்றிக்கொண்டேன். காரணம் கேட்டார். "கொஞ்சம்..." என்று தலையைச் சாய்த்தேன். உடனே சரி என்றுவிட்டார். அந்தச் சாய்ப்பில் உபயோகமும் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

தட்டில் பன்னைப் பார்த்ததும் மினோரி கண்ணை அகல விரித்தாள். வாயைக் கையால் பொத்தினாள். ரகசியம் இன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி அவ்வளவு அழகாக நடித்தாள். முப்பது பேரும் சாப்பிடாமல் அவள் வாயையே பார்த்தார்கள். ஒரு பெரிய கடி கடித்தாள். கன்னத்தில் மாவு ஒட்டியது. "நல்லாருக்கு," என்றாள். வகுப்பு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுச் சாப்பிடத் தொடங்கியது. ஹோனோகாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மினோரி கடைசித் துணுக்கு வரை சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துவிட்டு மேசைக்கு அடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. அன்றைக்கு ஒரு பையனுக்குக் காய்ச்சல், வரவில்லை. பரிமாறும் தட்டில் ஒரு பன் மிச்சம் இருந்தது.

ஹோனோகா எழுந்தாள். "இன்னிக்கு ஜான்கென் வேண்டாம்," என்றாள். "இதுவும் மினோரிக்குத்தான். எல்லாருக்கும் சம்மதமா?"

எல்லோருக்கும் சம்மதம். கொத்தாரோகூட, அந்தப் பன்னிலிருந்து கண்ணை எடுக்காமலே, கை தட்டினான். ஹோனோகா தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். மினோரியின் முகம் வெளுத்தது. சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண் மட்டும் என்னைத் தேடியது.

பதினோரு வருட நடிப்பு எனக்கு அந்த இடத்தில் அற்றுப்போனது. "ஜான்கென் போடுங்க," என்றேன், சுத்தமான ஜப்பானிய மொழியில், இந்த ஊர்ப் பேச்சு வழக்கிலேயே. "மிஞ்சினா ஜான்கென். எப்பவும் அதுதானே வழக்கம்?"

வகுப்பே என் பக்கம் திரும்பியது. ஹிராசே சாரின் கையிலிருந்து குச்சி விழுந்தது.

"டீச்சர்," என்றான் கொத்தாரோ, பரிதாபப்பட்டு, "நீங்க பேசக் கூடாதுல்ல."

"ஆனா இது மினோரிக்காக," என்றாள் ஹோனோகா என்னிடம். "நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டோம்னு உங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றாள் மினோரி. எழுந்து நின்றிருந்தாள். "திங்கட்கிழமையே தெரியும். நீங்க ரகசியம் பேசினா மாடிப்படி வரைக்கும் கேக்குது." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பொரிச்ச பன் பிடிக்காது. எப்பவுமே பிடிக்காது. மன்னிச்சிக்குங்க."

நான் பயந்த நிமிடம் இதுதான். முப்பது பிள்ளைகளின் ஒரு வார உழைப்பு அங்கே நடுவில் கிடந்தது.

"அப்ப அந்தப் பாகற்காய்?" என்றான் கொத்தாரோ மெதுவாக.

"நானும்தானேடா சாப்பிட்டேன்."

"அதான் கேக்கறேன். பன்னும் பிடிக்காது, பாகற்காயும் பிடிக்காது. அப்புறம் எதுக்கு சாப்பிட்டே?"

"நீ பால் தீந்துபோயும் இன்னொரு கரண்டி வாங்கினேல்ல," என்றாள் மினோரி. "அதப் பார்த்துட்டு எப்படி மிச்சம் வைக்கறது?"

கொத்தாரோவின் காது சிவந்துபோயிற்று. ஹோனோகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தட்டு இன்னும் அவள் கையில்தான் இருந்தது. "பொய் சொல்றே. பன் மிஞ்சினா நீதான் மொதல்ல எழுந்து நிப்பே. ஒவ்வொரு தடவையும். நாங்க பார்த்திருக்கோம்."

மினோரி தன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் வந்த புதுசுல, எல்லா விளையாட்டுலயும் ஏற்கெனவே ஆள் சேர்ந்திருந்தாங்க. கூப்பிட்டாத்தான் போக முடியும். ஜான்கென்னுக்கு மட்டும் யாரும் கூப்பிட வேண்டாம். எழுந்து நின்னா போதும். எல்லாரோடயும் சேர்ந்து கத்தலாம். அதுக்குத்தான் நின்னேன்."

ஹிராசே சார் தலையைக் குனிந்துகொண்டார். ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து நின்றதைப் பார்த்தவர் அவர். எனக்கும் சுருக்கென்றது. பன் பிடிக்காது என்று தெரிந்திருந்தும், அப்படியானால் ஏன் நின்றாள் என்று நான் மட்டும் கேட்டேனா என்ன? கேள், கேள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள்.

"ஆனா ஒரே பயம்," என்றாள் மினோரி, நிமிர்ந்து. "ஜெயிச்சா சாப்பிட வேண்டியிருக்குமே. தோக்கணும் தோக்கணும்னு நெனச்சுக்கிட்டே போடுவேன். ஆனா நான் ஜெயிச்சுக்கிட்டே இருந்தேன்."

முதலில் சிரித்தது ஹோனோகாதான். அழுதுகொண்டே சிரித்தாள், அதனால் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டு மற்றவர்களும் சிரித்தார்கள். கூரை அதிரும் சிரிப்பு. பக்கத்து வகுப்பு டீச்சர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"சரி, வேணும்கறவங்க எழுந்திருங்க," என்றார் ஹிராசே சார்.

நாற்காலிகள் தடதடவென்று பின்னால் போயின. வேண்டும் என்பவர்கள் மட்டுமல்ல, முப்பது பேரும் எழுந்தார்கள். மினோரியும் எழுந்தேதான் நின்றாள். கையை உயர்த்தினார்கள். சாரின் கைக்கு எதிராக எல்லோரும் ஒரே நேரத்தில் போட வேண்டும். தோற்றவர்கள் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும்.

"மொதல்ல கல்லு. ஜான்கென், பொன்," என்று கூவினார் சார். 'பொன்' என்னும்போது கையைக் காட்ட வேண்டும்.

பாதிப்பேர் உட்கார்ந்தார்கள். மினோரி நின்றாள். மறுபடி போட்டார்கள். இன்னும் பாதி உட்கார்ந்தது. மினோரி நின்றாள், முகத்தில் திகிலோடு. அடுத்தது, அதற்கடுத்தது. கடைசியில் இரண்டே பேர் நின்றார்கள், மினோரியும் கொத்தாரோவும்.

யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தாளம் போட்டுக் கத்த ஆரம்பித்தார்கள். "தோத்துடு, மினோரி. தோத்துடு, மினோரி."

இப்போது நேருக்கு நேர். முதல் தடவை இருவரும் கத்தரி. இரண்டாம் தடவை இருவரும் கல். கொத்தாரோ நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கே கேட்கும் ரகசியக் குரலில் சொன்னான். "நான் காகிதம் போடப் போறேன். கேட்டுச்சா? காகிதம்."

சட்டம் பேச ஹோனோகா வாயைத் திறக்கவில்லை. ஹிராசே சாருக்கு ஜன்னல் கொடியில் மறுபடி ஏதோ தெரிந்தது.

"ஜான்கென், பொன்."

கொத்தாரோ காகிதம். மினோரி கல்.

பிள்ளைகள் குதித்தார்கள். ஒருவர் தோற்றதற்கு அப்படி ஒரு ஆரவாரத்தை நான் எங்கேயும் கேட்டதில்லை. தோற்றவள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு நடுவில் போய்ப் பொத்தென்று விழுந்தாள். ஹோனோகா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன், மறைக்கவும் இல்லை. கொத்தாரோ யாராவது மனம் மாறுவதற்குள் பன்னைப் பாதி கடித்துவிட்டான்.